நாலு வரிசையில் ஒரு தீவு

வரைபடத் தரவைச் சுத்தம் செய்வது என் பிழைப்பு. நாலைந்து மூலங்களிலிருந்து வரும் இடப்பெயர்ப் பட்டியல்களை ஒன்றாகக் கொட்டி, ஒரே இடம் இரண்டு தடவை வந்திருந்தால் ஒன்றை நீக்கி, எழுத்துப்பிழை திருத்தி, மேலே அனுப்ப வேண்டும். வீட்டில் இதை விளக்குவதை எப்போதோ நிறுத்திவிட்டேன். "கம்ப்யூட்டர்ல மேப்பு போடுறா" என்று சொந்தக்காரர்களிடம் அம்மா சொல்வதே போதுமான வேலை விவரம். பள்ளிக்கூடங்களுக்கான டிஜிட்டல் உலக வரைபடம் ஒன்றுக்காக அண்டார்டிகா எங்கள் குழுவுக்கு வந்தபோது எல்லோருக்கும் சந்தோஷம்தான். ஊர் கிடையாது, தெரு கிடையாது, பின்கோடு கிடையாது. ஜனமே குடியிருக்காத இடத்தில் பெயர்ச் சிக்கல் என்ன பெரிதாக வந்துவிடப் போகிறது என்று நினைத்தோம்.

பக்கத்து மேசையில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி கூப்பிட்டாள். "அக்கா, இதைக் கொஞ்சம் பாருங்களேன். நாலும் ஒரே தீவு மாதிரி தெரியுது. ஆனா பேர் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்ல." திரையில் நாலு வரிசை. கிங் ஜார்ஜ் தீவு. இஸ்லா ரெய் ஹோர்ஹே. இஸ்லா 25 தே மாயோ. கடைசியில் ரஷ்ய எழுத்தில் ஒன்று. வாட்டர்லூ என்று படிக்க வேண்டும். எல்லாமே 62 டிகிரி தெற்கு, 58 டிகிரி மேற்கை ஒட்டி. எங்கள் மென்பொருள் இரண்டு விஷயத்தைப் பார்க்கும்: தூரம் கிட்டவா, பெயர் ஒத்துப்போகிறதா. இரண்டும் சரியாக இருந்தால்தான் 'டூப்ளிகேட்' என்று சிவப்பாக்கும். இங்கே தூரம் கிட்டே, பெயர் எட்டாத தொலைவு. அதனால் நாலு தீவு என்று எண்ணிக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டது.

க்ளையன்ட்டுக்கு எழுதிக் கேட்டோம். ஒரு இடத்துக்கு ஒரு பெயர், ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடுங்கள் என்று இரண்டு வரியில் பதில் வந்தது. தொழில்ரீதியாக அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆம்புலன்ஸ் வரவேண்டிய தெருவுக்கு மூன்று பெயர் இருந்தால் என்ன ஆகும் என்பதை இந்த வேலையில் இருப்பவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் அழிக்கும் பொத்தானுக்கு மேல் கை போனபோதெல்லாம் ஏதோ ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. ஆங்கிலத்தை ஏன் வைத்துக்கொள்ள வேண்டும்? அங்கே யாரும் ஆங்கிலம் பேசிக்கொண்டு தலைமுறை தலைமுறையாக வாழவில்லை. ஸ்பானியமோ ரஷ்யமோ பேசிக்கொண்டும் வாழவில்லை. மற்ற இடங்களில் இப்படித் தகராறு வந்தால் அந்த ஊர்க்காரர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு முடித்துவிடலாம். இங்கே கேட்பதற்கு ஊர்க்காரர் என்று ஒருவருமே இல்லை.

மன்னர், போர், மே மாதம்

அந்த நாலு வரிசையையும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன். 1819-இல் வில்லியம் ஸ்மித் என்ற ஆங்கிலேய வணிகக் கப்பல்காரர், தென்னமெரிக்காவின் முனையைச் சுற்றி வரும்போது புயலுக்குப் பயந்து தெற்கே ஒதுங்கி, தெற்கு ஷெட்லாந்து தீவுகளைக் கண்டார். அதே ஆண்டு அக்டோபரில் இந்தத் தீவில் இறங்கித் தன் மன்னர் பேரில் உரிமை கோரினார். மூன்றாம் ஜார்ஜின் காலம் அது. அடுத்த சில கோடைகளில் சீல் வேட்டைக்காரர்கள் கும்பல் கும்பலாக வந்து, தோலுக்காக ரோமச் சீல்களை ஏறக்குறைய இல்லாமல் ஆக்கிவிட்டுப் போனார்கள். 1821-இல் ரஷ்யக் கடற்படையின் பெல்லிங்ஸ்ஹௌசன் தன் இரண்டு கப்பல்களோடு அந்த வழியாகப் போனார். நெப்போலியனைத் தோற்கடித்துச் சில வருஷம்தான் ஆகியிருந்தது. அந்த ஜோரில் பல தீவுகளுக்குப் போர்க்களங்களின் பெயரையே வைத்தார். கிங் ஜார்ஜ், வாட்டர்லூ ஆனது. பக்கத்து லிவிங்ஸ்டன் தீவு ஸ்மோலென்ஸ்க். கிரீனிச் தீவு பெரெசினா. ஸ்மித் தீவு போரோதினோ. அந்தக் கண்ணோடு ரஷ்ய வரைபடத்தைப் பார்த்தால் 1812-ஆம் வருஷத்துப் படையெடுப்பு முழுவதையும் யாரோ கடலில் அள்ளிப் போட்டது மாதிரி இருக்கும்.

ஸ்பானியப் பெயர்கள் இரண்டுக்கும் வேறு வரலாறு. 'ரெய் ஹோர்ஹே' சிலி நாட்டின் பதிவு. மன்னர் ஜார்ஜையே அவர்கள் தங்கள் மொழியில் சொல்லிக்கொண்டார்கள். அர்ஜென்டினா அதற்கு உடன்படவில்லை. 1810 மே 25-இல் புவெனஸ் ஐரிஸில் தொடங்கிய புரட்சியின் தேதியையே தீவுக்குச் சூட்டிவிட்டது. ஏனென்றால் பிரிட்டன், சிலி, அர்ஜென்டினா மூன்றும் அந்தப் பகுதி தன்னுடையது என்று சொல்லிக்கொண்டிருந்தன, இன்றும் சொல்கின்றன. மூன்று கோரிக்கைகளும் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. 1940-களில் இந்த இழுபறி உச்சத்தில் இருந்தது. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருக்கும்போதே பிரிட்டன் ரகசியமாக ஆட்களை அனுப்பித் தளம் அமைத்தது. அங்கே தபால் நிலையம்கூட வைத்தது. கடிதம் போட ஆளில்லாத இடத்தில் தபால் முத்திரை எதற்கு என்று கேட்கலாம். நிர்வாகம் நடக்கிறது என்று காட்டத்தான். பெயர் சூட்டுவதும் அந்த ரகம். அமெரிக்காவும் பிரிட்டனும் அண்டார்டிக் பெயர்களுக்கென்று தனிக்குழுக்களை அமைத்தது 1943-லிருந்து 1945-க்குள். அது தற்செயலாக இருக்க முடியாது.

1959-இல் பன்னிரண்டு நாடுகள் வாஷிங்டனில் கையெழுத்திட்ட அண்டார்டிக் ஒப்பந்தம் இந்தச் சண்டையை உறைய வைத்தது. யார் கோரிக்கையும் செல்லும் என்றோ செல்லாது என்றோ சொல்லாமல், இனிமேல் அங்கே செய்யும் எதுவும் யாருடைய கோரிக்கைக்கும் வலுச் சேர்க்காது என்று அதன் நான்காம் பிரிவு சொல்லிவிட்டது. சட்டப்படி பார்த்தால் அதற்குப் பிறகு பெயர் வைத்து ஒரு பிரயோஜனமும் இல்லை. ஆனால் 2012 டிசம்பரில், ராணியின் அறுபதாம் ஆட்சியாண்டை ஒட்டி, பிரிட்டன் தான் கோரும் பகுதியின் தென்பகுதிக்கு 'குயின் எலிசபெத் லேண்ட்' என்று பெயர் வைத்தது. 4,37,000 சதுர கிலோமீட்டர். மூன்று தமிழ்நாட்டை உள்ளே வைத்த பிறகும் இடம் மிஞ்சும். அர்ஜென்டினா சில நாட்களிலேயே கண்டனம் தெரிவித்தது. பலன் இல்லாத காரியம் என்றால் இவர் வைப்பானேன், அவர் கோபப்படுவானேன்?

இதில் எங்கள் தொழிலுக்கான கூத்து ஒன்றும் உண்டு. அதே எலிசபெத் சிறுமியாக இருந்தபோது, 1931-இல், ஆஸ்திரேலிய ஆய்வுப் பயணி மாசனின் பயணக்குழு கண்டத்தின் இன்னொரு பக்கத்தில் 'பிரின்சஸ் எலிசபெத் லேண்ட்' என்று ஒரு பகுதிக்குப் பெயர் வைத்திருந்தது. இந்தியாவின் பாரதி ஆய்வு நிலையம் அந்தப் பக்கத்தில்தான், லார்ஸ்மன் குன்றுகளில் இருக்கிறது. ஒரே ஆள், ஒரே கண்டம், இரண்டு பிரதேசம். ஒரே தீவை நாலாக எண்ணிய எங்கள் மென்பொருளுக்கு இந்த இரண்டையும் பார்த்ததும் சந்தேகம் வந்துவிட்டது: எழுத்துப் பொருத்தம் அதிகம், சரிபார்க்கவும் என்று மஞ்சள் கொடி காட்டியது.

நண்பர்களுக்கே இவ்வளவு நாள் ஆனது

தென்னமெரிக்காவை நோக்கி ஒரு நீண்ட விரல் மாதிரி வடக்கே நீட்டிக்கொண்டிருக்கும் நிலத்தை இன்று அண்டார்டிக் தீபகற்பம் என்கிறோம். பள்ளிப் புத்தகத்தில் வரும் சாதாரணப் பெயர். இந்தச் சாதாரணப் பெயர் கிடைக்க 1964 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிரிட்டிஷ் வரைபடங்களில் அது கிரகாம் லேண்ட். 1832-இல் அந்தக் கரையை அடைந்த ஜான் பிஸ்கோ, அன்றைய கடற்படை அமைச்சர் ஜேம்ஸ் கிரகாமின் பெயரை வைத்திருந்தார். அமெரிக்க வரைபடங்களில் அது பால்மர் தீபகற்பம். 1820-இல் ஒரு சின்னப் பாய்மரக் கப்பலில் அந்தப் பக்கம் போன நதானியேல் பால்மர் என்ற இளம் சீல் வேட்டைக்காரரின் பெயர். சிலிக்கு அது ஓ'ஹிகின்ஸ் நிலம். அர்ஜென்டினாவுக்கு சான் மார்ட்டின் நிலம். கடைசி இரண்டும் அந்தந்த நாட்டு விடுதலை வீரர்கள்.

எனக்கு ஆச்சரியம், நாலு பேர் ஒத்துப்போகாததில் இல்லை. பிரிட்டனும் அமெரிக்காவும் ஒரே மொழி, ஒரே பக்கம். போரில் தோளோடு தோள் நின்றவர்கள். அவர்களாலேயே இதை இவ்வளவு காலம் தீர்க்க முடியவில்லை. இருவரும் 'முதலில் பார்த்தது யார்' என்பதிலேயே நின்றார்கள். 1820-இல் சில மாத இடைவெளியில் ரஷ்யர் ஒருவர், பிரிட்டிஷ்காரர் ஒருவர், அமெரிக்கர் ஒருவர் என்று அடுத்தடுத்து அந்தக் கண்டத்தைப் பார்த்திருக்கிறார்கள். பால்மர் பார்த்தது கரையா மேகமா என்பதில் தொடங்கி, பழைய கப்பல் நாட்குறிப்பின் ஒவ்வொரு வரியையும் வைத்து வாதம் நடந்தது. பெயரை விட்டுக்கொடுத்தால் கண்டுபிடித்த பெருமையும் போய்விடும் என்று இரு தரப்புக்கும் பயம்.

முடிவில் கண்ட வழி நம்மூர்ப் பஞ்சாயத்தில் பெரியவர்கள் செய்வதைப் போலத்தான் இருக்கிறது. முழு நிலத்துக்கும் யாருக்கும் சொந்தமில்லாத ஒரு பெயர்: அண்டார்டிக் தீபகற்பம். நடுவில், கிட்டத்தட்ட 69 டிகிரி தெற்கில், ஜெரமி முனையிலிருந்து அகாசி முனை வரை ஒரு கோடு. வடபாதி கிரகாம் லேண்ட், தென்பாதி பால்மர் லேண்ட். இதில் எனக்குப் பிடித்தது, எந்தப் பெயரும் சாகவில்லை என்பது. இரண்டும் அளவில் சிறுத்துக்கொண்டு உயிரோடு இருக்கின்றன. ஆனால் அந்தக் கோட்டைப் பாருங்கள். அங்கே ஆறு ஓடவில்லை, கணவாய் இல்லை. பாறைக்கும் பனிக்கும் எந்தப் பக்கம் கிரகாம், எந்தப் பக்கம் பால்மர் என்று தெரியாது. இரண்டு அலுவலகங்களுக்கு இடையிலான மனஸ்தாபம் நிலவியலாக மாறி, இன்று அறிவியல் கட்டுரைகளில் 'வடக்கு பால்மர் லேண்டின் பனிப்பொழிவு' என்று இயற்கைப் பிரிவைப் போலவே வருகிறது. பஞ்சாயத்துக்கு வராத சிலியும் அர்ஜென்டினாவும் இன்றுவரை தங்கள் பெயர்களை விடவில்லை. ஸ்பானிய ஆய்வுக் கட்டுரைகளில் பொதுப்பெயரும் புழங்குகிறது. அரசு வரைபடத்தில் விடுதலை வீரர்களும் இருக்கிறார்கள்.

ஒதுக்கித் தள்ளிய ஒரு பத்தி

அழிக்கும் வேலையைத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், மூலக் கோப்பை வலப்பக்கம் முழுக்கத் தள்ளிப் பார்த்தேன். எங்களுக்குத் தேவையில்லை என்று மறைத்து வைத்திருந்த பத்திகள் அவை. அதில் ஒன்றில் வெறும் எண்கள். கிங் ஜார்ஜுக்கு என்ன எண்ணோ அதே எண்தான் ரெய் ஹோர்ஹேவுக்கும், 25 தே மாயோவுக்கும், வாட்டர்லூவுக்கும். நாங்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்த கேள்வியை யாரோ எப்போதோ தீர்த்து வைத்திருக்கிறார்கள்.

அந்தப் பட்டியல், அண்டார்டிக் ஆய்வுக்கான பன்னாட்டு அறிவியல் குழுவான ஸ்கார் தயாரித்த கூட்டு இடப்பெயர்த் தொகுப்பு. 1992-இல் வேலை தொடங்கி, 1998-இல் முதல் பதிப்பு வந்தது. இப்போது ஆஸ்திரேலிய அண்டார்டிக் தரவு மையம் பராமரிக்கிறது. இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளின் பெயர்கள் அதில் இருக்கின்றன. இடங்கள் ஏறக்குறைய 19,000. பெயர்களோ 37,000-க்கும் மேல். இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவிலான இடைவெளிதான் நான் மேலே சொன்ன கதைகள் எல்லாம். பட்டியல் இயங்கும் விதம் ரொம்ப எளிது. ஒவ்வொரு நாட்டுக் குழுவும் தான் முடிவுசெய்த பெயரை, அட்சரேகை தீர்க்கரேகையோடு, யார் எப்போது ஏன் வைத்தார் என்ற குறிப்போடு அனுப்பும். தொகுப்பவர்கள் எது சரி என்று தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள். இது ஏற்கெனவே உள்ள இடமா என்று மட்டும் பார்த்து, ஆமென்றால் அந்த எண்ணையே கொடுத்துப் பக்கத்தில் உட்கார வைப்பார்கள். பழைய பெயர்களைப் பொறுத்தவரை எல்லாமே இருக்கட்டும்; புதிதாக வைப்பவர்களுக்கு மட்டும் ஒரு வேண்டுகோள்: ஏற்கெனவே பெயர் உள்ள இடத்துக்கு மறுபடி வைக்காதீர்கள்.

சொல்வதற்கு எளிது. 'ஏற்கெனவே உள்ள இடமா' என்று கண்டுபிடிப்பது லேசான காரியமில்லை. பழைய அளவைகளில் ஒரே மலை வெவ்வேறு வரைபடத்தில் பல கிலோமீட்டர் தள்ளி நிற்கும். சூரியனும் கடிகாரமும் வைத்து, அதுவும் மேகம் விலகும் நேரம் பார்த்து எடுத்த அளவு அப்படித்தான் இருக்கும். இரண்டு மலையா, ஒரே மலையின் இரண்டு தவறா என்பதை யாராவது உட்கார்ந்து படங்களையும் பழைய குறிப்புகளையும் ஒப்பிட்டுத்தான் சொல்ல வேண்டும். அந்த எண்ணுக்குப் பின்னால் இருக்கும் உழைப்பு அது. அன்றைக்கு எனக்கு ஒரு விஷயம் தீர்ந்தது: தரப்படுத்துவது என்றால் பெயரை ஒன்றாக்குவது என்று நம் தொழிலில் பழகிவிட்டோம். ஒன்றாக வேண்டியது இடம்தான். இடம் எது என்பதில் ஒத்துப்போய்விட்டால், பெயர் நாலு இருந்தாலும் கப்பல் கரைக்கு வந்துவிடும். இடம் எது என்றே தெரியாமல் பெயரை மட்டும் ஒன்றாக்கினால் வரைபடம் பார்க்க அழகாக இருக்கும், அவ்வளவுதான்.

க்ளையன்ட்டுக்கு மறுபடி எழுதினேன். படத்தில் தெரிவது ஒன்றாக இருக்கட்டும், தேடும்போது எல்லாப் பெயருக்கும் அதே தீவு வரட்டும், கோப்பின் அளவும் இதனால் அவ்வளவாக ஏறாது. நாலைந்து மின்னஞ்சலுக்குப் பிறகு சரி என்றார்கள்.

அப்படியானால் நம்பர் போதுமே?

இதைக் கேட்டதும் பக்கத்து மேசைப் பெண் கேட்டாள்: "அப்ப பேரே எதுக்கு அக்கா? நம்பர் போதுமே. யாரும் சண்டையும் போட மாட்டாங்க." நல்ல கேள்வி. அதற்கு அண்டார்டிகாவிலேயே கொடூரமான ஒரு பதில் இருக்கிறது.

1979 நவம்பர் 28-ஆம் தேதி, நியூசிலாந்திலிருந்து சுற்றிப் பார்க்கக் கிளம்பிய பயணிகள் விமானம், ராஸ் தீவில் உள்ள எரபஸ் எரிமலையின் சரிவில் மோதியது. 257 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. விமானத்தின் கணினியில் வழியை ஏற்றியிருந்தார்கள். கடைசித் திருப்பம் மக்மர்டோ. அந்தப் புள்ளியின் தீர்க்கரேகையில் 166 என்று இருக்க வேண்டிய இடத்தில் 164 என்று முன்பு எப்போதோ தவறாகத் தட்டப்பட்டிருந்தது. அந்தத் தவறு வழியை எரிமலையிலிருந்து சுமார் 43 கிலோமீட்டர் மேற்கே, திறந்த கடற்பரப்பின் மேல் கொண்டுபோயிருந்தது. விமானிகளுக்கு விளக்கப்பட்டதும் அந்த வழிதான். புறப்படும் நாளின் அதிகாலையில் எண்ணைத் திருத்தினார்கள், விமானிகளிடம் சொல்லவில்லை. திருத்திய வழி நேராக மலைமேல் போனது. மேகத்துக்குக் கீழே வெள்ளைப் பனியும் வெள்ளை வெளிச்சமும் ஒன்றாகி மலை கண்ணுக்குத் தெரியவில்லை. 3,794 மீட்டர் உயர மலை.

பல இடங்களில் எழுதப்பட்ட விபத்துதான். ஆனால் அதில் ஒரு சின்ன விவரம் என் தொழிலோடு நேராக உரசுகிறது. அன்று காலை மக்மர்டோவில் இருந்த அமெரிக்கத் தளத்துக்கு அனுப்பிய பயணத் திட்டத்தில், கடைசிப் புள்ளிக்கு எண்களுக்குப் பதிலாக 'மக்மர்டோ' என்ற பெயர் மட்டும் இருந்தது. எண் இருந்திருந்தால், முன்பு வந்த திட்டத்தோடு ஒப்பிட்டு யாராவது ஒருவர் புருவத்தை உயர்த்தியிருக்க வாய்ப்பு உண்டு. பெயர் அதே பெயர்தானே. அடியில் இடம் நகர்ந்துவிட்டது, மேலே பெயர்ப்பலகை அப்படியே நின்றது. இன்னொரு பக்கம், விமானத்துக்குள் எண் மாறியது. எண்ணில் ஒரு இலக்கம் மாறினால் மனிதக் கண்ணுக்கு உறைக்காது. 164-ஐயும் 166-ஐயும் பார்த்து யாரும் திடுக்கிடுவதில்லை. 'எரபஸ்' என்று எழுதியிருந்தால் திடுக்கிட்டிருப்பார்கள். பெயரும் எண்ணும் ஒன்றுக்கொன்று காவல். இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒருவர் இருந்தால் மட்டும். அவளுக்கு இதைச் சொல்லி முடித்ததும் எதுவும் பேசாமல் போய், தன் கோப்பில் மறைத்து வைத்திருந்த பத்திகளை எல்லாம் திறந்துவிட்டாள்.

பல்கேரியாக்காரர்கள்

வேலை அதோடு முடியவில்லை. அந்த வரைபடத்துக்குத் தமிழ்ப் பதிப்பும் உண்டு. கிரகாமா, கிரஹாமா? லார்ஸ்மனா, லார்செமானா? கண்டத்தின் பெயரிலேயே நமக்கு ஒற்றுமை இல்லை. இங்கே பாடப்புத்தகத்தில் அண்டார்டிகா, சில பத்திரிகைகளில் அண்டார்க்டிகா, இலங்கையில் அந்தாட்டிக்கா. ஒவ்வொரு பெயரையும் காதுக்குப் பட்டபடி எழுதிக்கொண்டே போனால் இருநூறாவது பெயரில் முதல் பெயருக்கு என்ன செய்தோம் என்று மறந்துவிடும். அப்போதுதான் லிவிங்ஸ்டன் தீவின் பட்டியலில் பல்கேரியாக்காரர்கள் கண்ணில் பட்டார்கள். ஊர்கள், பழைய அரசர்கள், மடங்கள் என்று 1,500-க்கும் மேற்பட்ட பெயர்களை அவர்கள் அண்டார்டிகாவில் வைத்திருக்கிறார்கள். அங்கே உரிமை எதுவும் கோராத, சின்னத் தளம் ஒன்று வைத்திருக்கும் நாட்டுக்கு இது கொஞ்சம் அதிகம் என்றுதான் யாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றுகிறது.

ஆனால் அவர்கள் இன்னொன்றும் செய்தார்கள். பல்கேரிய மொழி சிரிலிக் எழுத்தில் எழுதப்படுவது. பன்னாட்டுப் பட்டியலுக்கு ரோமன் எழுத்தில் அனுப்ப வேண்டும். அதுவரை ஆளுக்கொரு விதமாக எழுதிக்கொண்டிருந்தார்கள். 1994-இல் அமைந்த அவர்களுடைய அண்டார்டிக் பெயர்க்குழு, அடுத்த ஆண்டே எந்த எழுத்துக்கு எந்த எழுத்து என்று ஓர் எளிய அட்டவணை போட்டது. மேலே கீழே புள்ளி, கொம்பு எதுவும் கிடையாது. சாதாரண விசைப்பலகையில் தட்டக்கூடியது. பனிமலைகளுக்காகப் போட்ட அந்த அட்டவணை மெல்ல மெல்ல நாட்டுக்குள் வந்து, 2009-இல் சட்டமானது. 2012-இல் ஐ.நா.வின் இடப்பெயர் மாநாடும் ஏற்றுக்கொண்டது. ஆக, இன்று சோபியாவில் தெருப்பலகை எழுதும் முறை அண்டார்டிகாவில் ஒத்திகை பார்க்கப்பட்டது.

2020 ஜூனில் தமிழ்நாட்டில் 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்தை மாற்றி வந்த அரசாணையை மறந்திருக்க மாட்டீர்கள். வேலூருக்கு இரண்டு 'ஈ', இரண்டு 'ஓ'. கோயம்புத்தூருக்கு நீளும் நீளும் ஒரு ரயில் வண்டி. ஊரே சிரித்தது, பத்து நாள் போவதற்குள் ஆணை திரும்பப் பெறப்பட்டது. தமிழ் ஒலிப்புக்கு நெருக்கமாக எழுத வேண்டும் என்ற ஆசையில் எனக்கு மாறுபாடே இல்லை. ஆனால் 1,018 விடைகளைக் கொடுத்தார்கள், கணக்கைக் காட்டவில்லை. குடியிருப்போர் இல்லாத இடத்தில் முதலில் விதியைப் போட்டு, பதினான்கு வருஷம் புழங்கவிட்டு, அப்புறம் சட்டமாக்கினால் அத்தனை சிரிப்பு வந்திருக்காது என்று நினைக்கிறேன். எங்கள் குழுவுக்கு நாங்களே ஒரு பக்கத்தில் ஒரு அட்டவணை போட்டுக்கொண்டோம். அதிலும் 'ஹ' வருகிற இடத்தில் இன்னும் அடிதடிதான்.

கரைந்துபோனவையும் புதிதாக வந்தவையும்

பெயர்க்குழுக்களின் விதிகளைப் படிப்பது எதிர்பாராத பொழுதுபோக்கு. அமெரிக்க விதிகளில் நண்பர், உறவினர் என்பதற்காகப் பெயர் வைக்கக் கூடாது, விற்பனைப் பொருள்களின் பெயர் கூடாது, சறுக்குவண்டி இழுத்த நாய்களின் பெயரோ செல்லப் பிராணிகளின் பெயரோ கூடாது என்று இருக்கிறது. இந்த விதி வருவதற்கு முன்பே அமெரிக்கரான பேர்ட் ஒரு பெரும் பிரதேசத்துக்கு மனைவி மேரியின் பெயரை வைத்துவிட்டார். அதற்கும் கிட்டத்தட்டத் தொண்ணூறு ஆண்டுகள் முன்பே பிரெஞ்சுக்காரரான துர்வில் மனைவி அதேலின் பெயரால் ஒரு பகுதிக்கு 'அதேலி' என்று வைத்து, அது பென்குயின் வரைக்கும் போய்விட்டது. சாகும்வரை வண்டி இழுத்த நாய்க்குத்தான் விதி குறுக்கே வருகிறது. பிரிட்டிஷ் குழு இன்னொரு விதம்: கைவசம் ஆட்கள் தீர்ந்தால் ஒரு தலைப்பை எடுத்துக்கொண்டு வரிசையாக வைக்கும். அலெக்சாண்டர் தீவு முழுக்க இசையமைப்பாளர்கள். பீத்தோவன் பெயரில் தீபகற்பம், பாக் பெயரில் கடலில் மிதக்கும் பனித்தட்டு, மொசார்ட்டுக்கும் ஒரு பனிப்பரப்பு.

ஆனால் இந்த விதிகள் எதிலும், பெயர் வைத்த பொருளே காணாமல் போனால் என்ன செய்வது என்பதற்குச் சுலபமான வழி இல்லை. 2002-இல் லார்சன் பி என்ற பனித்தட்டின் 3,250 சதுர கிலோமீட்டர் சில வாரங்களில் உடைந்து கடலில் போனது. தீபகற்பத்தின் மேற்குக் கரையில் வோர்டி பனித்தட்டு அதற்கு முன்பே தேயத் தொடங்கி, பிறகு மறைந்தது. எங்கள் மென்பொருளின் கணக்கில் நிலத்தில் இல்லாத இடம் பிழையான தரவு; நீக்கிவிடும். நீக்கினால் அந்தப் பெயரைத் தேடிவரும் மாணவருக்கு அப்படி ஒன்று இருந்ததே தெரியாமல் போகும். பன்னாட்டுத் தொகுப்பில் அந்த வரிசைகள் இருக்கின்றன. நாங்களும் விட்டுவைத்து, சாம்பல் நிறத்தில் எழுத வைத்தோம். பழைய நாயக்கர் காலத்து ஏரி பேருந்து நிலையமான பிறகும் மக்கள் ஏரி என்றே சொல்வதில்லையா, அதை எந்த நிறத்தில் எழுதுவது என்று குழுவில் ஒருவர் கேட்டார். அது வேறு புராஜெக்ட் என்று சொல்லிவிட்டேன்.

2021 அக்டோபர் கடைசியில், கிளாஸ்கோவில் பருவநிலை மாநாடு தொடங்கும் நேரத்தில், மேற்கு அண்டார்டிகாவில் கெட்ஸ் பகுதியில் வேகமாகக் கரைந்துவரும் ஒன்பது பனியாறுகளுக்கு பிரிட்டிஷ் குழு பெயர் வைத்தது. பருவநிலை மாநாடுகளும் ஒப்பந்தங்களும் நடந்த ஊர்களின் பெயர்கள்: ஜெனீவா, ரியோ, பெர்லின், கியோட்டோ, பாலி, ஸ்டாக்ஹோம், பாரிஸ், இன்ச்சியான், கிளாஸ்கோ. நல்ல நோக்கம்தான். பேசிய ஊர்களின் பெயரையெல்லாம் கரைகிற பனிக்கு வைத்ததில் உள்ள குத்தலை அவர்கள் உத்தேசித்தார்களா என்று மட்டும் எனக்குத் தெரியவில்லை. எங்கள் வரைபடத்தில் இப்போது பாரிஸ் என்று தட்டினால் இரண்டு வருகிறது. நகரம் முதலில் வரும்படி வைத்திருக்கிறோம்.